சீட்டு, கைமாத்து, பால் காசு: வீட்டுக் கணக்கை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்வது எப்படி?

வணக்கமுங்க அம்மிணி. உங்கள் கேள்வியைச் சுருக்கி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கும்போது புரிய வேண்டும். வீடு பெருமாநல்லூர் பக்கம். வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம். நீங்கள் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைத்து சனிக்கிழமை கூலி வாங்குகிறீர்கள். மாமியார் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். ஒரு ஐந்து லட்சம் சீட்டு, ஒரு நகைக்கடன், சொந்தக்காரர்களுக்குள் கொஞ்சம் கைமாத்து. செல்போனில் ஒரு செலவுக் கணக்கு ஆப் போட்டீர்கள்; அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தீர்கள்; சில வாரத்தில் "லோன் வேணுமா" என்று போன் மேல் போன். இப்போது கணக்கு முழுவதையும் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் வைத்துக்கொள்ள முடியுமா, எந்த மென்பொருள் என்று கேட்கிறீர்கள்.

முடியும். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது: முதல் மாசம் லேப்டாப்பில் க்னூகேஷ் மட்டும். கணக்குப் பிடிபட்ட பிறகு, வீட்டுக்காரரும் நீங்களும் போனிலிருந்தே பதிய வேண்டும் என்று தோன்றினால் ஃபயர்ஃப்ளை த்ரீ. இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை, மூலநிரல் திறந்திருப்பவை, அதாவது எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்து வளர்க்கலாம். ஏன் இந்த இரண்டு என்பதற்கு உங்கள் சீட்டும் கைமாத்தும்தான் காரணம். கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருசம் இருந்தேன், கடைசிப் பத்து வருசம் அங்கே சர்வரும் என் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகு கோபியில் என் வீட்டுக் கணக்கை இப்படித்தான் வைத்திருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த ஆப். நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போனிலிருந்து நீக்கினால், அது ஏற்கெனவே அனுப்பிய தரவு அங்கே அழியாது. மறுபடி உள்ளே போய் கணக்கையும் தரவையும் அழிக்கக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நீக்குங்கள். கடன் கொடுக்கும் ஆப்புகள் போனின் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் பக்கம் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. ஆனால் அது கடன் ஆப்புகளுக்கானது. செலவுக் கணக்கு பார்க்கிறேன் என்று வரும் ஆப்புக்கு நீங்களே விரலால் தட்டிக் கொடுத்த அனுமதிதான் விதி. உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியில் வங்கி இருப்பு மட்டுமா இருக்கிறது? ஓடிபி, ஆஸ்பத்திரி நேரம், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் தவணை நினைவூட்டல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இத்தனையையும் கொடுத்த பிறகாவது கணக்கு சரியாக வந்ததா என்று பாருங்கள். வந்திருக்காது. சனிக்கிழமைக் கூலி ரொக்கம், அதற்கு எஸ்எம்எஸ் கிடையாது. பால் காசு வங்கிக்கு வருகிறது, ஆனால் சொசைட்டியில் வாங்கிய தீவனத்துக்குப் பிடித்தது போக மீதிதான் வருகிறது. ஆப்புக்குத் தெரிவது மீதி மட்டும். பால் வருமானம் எவ்வளவு, தீவனச் செலவு எவ்வளவு, மாடு லாபமா நட்டமா என்பது அந்த ஒற்றை வரியில் மறைந்துவிடும். மச்சானுக்கு யுபிஐ-யில் கொடுத்த 20,000 கைமாத்து ஆப்பில் செலவு. அவர் திருப்பிக் கொடுத்தால் அது வருமானம். சீட்டுப் பணம் மாசாமாசம் செலவு, சீட்டு எடுத்த மாசம் திடீரென்று நான்கு லட்சம் வருமானம். நம் ஊர்ப் பணம் நடமாடும் விதத்துக்கும் அந்த ஆப் கணக்குப் பிரிக்கும் விதத்துக்கும் பொருத்தமே இல்லை. நாமே உட்கார்ந்து பதியும் கணக்கு ரகசியமாக இருக்கிறது என்பதோடு, அதுதான் சரியாகவும் இருக்கிறது. இந்த இரண்டாவது காரணத்துக்காகவே நான் வீட்டுக் கணக்கை வெளியே கொடுக்க மாட்டேன்.

இதற்கு வேண்டியது இரட்டைப் பதிவு முறை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இத்தாலியில் லூக்கா பாச்சோலி 1494-இல் அச்சில் விளக்கி எழுதிய அதே முறைதான் இன்றைக்கும் மில் கணக்கில் ஓடுகிறது. ஒரு பணம் எங்கிருந்து போனது, எங்கே போய்ச் சேர்ந்தது, இரண்டையும் எழுத வேண்டும். அவ்வளவுதான். மச்சானுக்குக் கொடுத்த 20,000 "வங்கி"யிலிருந்து கிளம்பி "மச்சான் தர வேண்டியது" என்ற கணக்கில் போய் உட்காரும். உங்கள் சொத்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இடம்தான் மாறியது. செலவுப் பட்டியலில் அது வராது.

சீட்டை எப்படி எழுதுவது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒரு சீட்டாவது ஓடுகிறது, அதைச் சரியாக எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஐந்து லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாசம். மாசத் தவணை 25,000. எட்டாம் மாசம் ஏலத்தில் ஒரு லட்சம் தள்ளிப் போகிறது என்று வையுங்கள். நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம் என்றால் 25,000. (பதிவு பெற்ற சீட்டில் இந்தக் கமிஷனுக்கு 1982 சீட்டு நிதிச் சட்டம் வைத்த உச்சவரம்பு 5 சதவீதம், 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். உங்கள் சீட்டில் எவ்வளவு என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள்.) ஒரு லட்சத்தில் கமிஷன் போக 75,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,750 கழிவு. ஆக அந்த மாசம் நீங்கள் கையிலிருந்து கட்டுவது 21,250.

பெரும்பாலானவர்கள் 21,250 என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி எழுதாதீர்கள். "சீட்டு" என்று ஒரு சொத்துக் கணக்கைத் திறந்து, அதில் முழுத் தவணை 25,000 சேர்ந்ததாக எழுதுங்கள். 21,250 வங்கியிலிருந்து வந்தது, 3,750 கழிவு என்ற வரவிலிருந்து வந்தது.

2025-08-10 சீட்டு, 8-ஆம் மாசம்
    சொத்து:சீட்டு      25000
    சொத்து:வங்கி      -21250
    வரவு:சீட்டுக் கழிவு      -3750

மூன்றையும் கூட்டினால் சுழி. அது சுழியாக வந்தால்தான் பதிவு சரி.

இப்போது அந்த எட்டாம் மாசம் சீட்டை எடுத்ததே நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்தது நான்கு லட்சம், தள்ளியது ஒரு லட்சம். "சீட்டு" கணக்கிலிருந்து ஐந்து லட்சத்தை வெளியே எடுங்கள்: நான்கு லட்சம் வங்கிக்கு, ஒரு லட்சம் "சீட்டுத் தள்ளு" என்ற செலவுக்கு. அதுவரை எட்டுத் தவணையில் இரண்டு லட்சம் சேர்ந்திருந்த கணக்கு இப்போது மைனஸ் மூன்று லட்சம் காட்டும். இனி கட்ட வேண்டிய தவணைகள் எத்தனை? பன்னிரண்டு. பன்னிரண்டு தடவை 25,000 எவ்வளவு? மூன்று லட்சம். அந்த மைனஸ் தொகைதான் உங்கள் பாக்கி. நீங்கள் எங்கும் தனியாகக் கடன் என்று எழுத வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது. இருபதாம் மாசம் தவணை கட்டியதும் அது சுழியில் வந்து நிற்கும். அன்றைக்கு "கழிவு" வரவு மொத்தத்தையும் "தள்ளு" செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தச் சீட்டு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வட்டிக்கு வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அடுத்த தடவை எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். கைமாத்துக்கு ஆளுக்கு ஒரு கணக்கு. யார் யாருக்குத் தர வேண்டும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். பால் காசுக்கு மூன்று வரி: பால் வரவு முழுத்தொகை, தீவனச் செலவு, வங்கியில் விழுந்தது. சனிக்கிழமைக் கூலிக்குக் "கையிருப்பு" என்று ஒரு ரொக்கக் கணக்கு. வாரம் ஒரு தடவை பர்ஸில் இருப்பதை எண்ணிப் பார்த்து, குறைந்ததைச் "சில்லறைச் செலவு" என்று ஒரே வரியில் போட்டு ஒட்டவையுங்கள். டீக்கும் பஸ்ஸுக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் விட்டுவிடுவீர்கள். மொய்யைச் சிலர் கடனாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வைத்த மொய்யைச் செலவாகவே எழுதி, கல்யாண வீட்டுக்காரர் பெயரைக் குறிப்பில் போடுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேசத்துக்குப் போகும்போது பெயரைத் தேடினால் போதும்.

இனி மென்பொருள். க்னூகேஷ் 1998-இல் முதல் பதிப்பு வந்தது, இன்றும் வளர்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், இணையமே வேண்டாம், கணக்கு முழுவதும் உங்கள் லேப்டாப்பில் ஒரே கோப்பு. சர்வர், டாக்கர் (சர்வர் நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக வைத்து ஓட்டும் ஏற்பாடு) எதுவும் இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் கணக்கு எழுதுவதாக இருந்தால் இதற்கு மேலே போகவே வேண்டாம் என்பேன். "சொந்த சர்வர்" என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, அதற்காகப் போனால் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சோலி உங்கள் தலையில் விழும்.

போனிலிருந்து இருவரும் பதிய வேண்டுமென்றால் இரண்டு வழி. ஆக்சுவல் பட்ஜெட் ஒன்று. ஜேம்ஸ் லாங் என்பவர் கட்டணச் சேவையாக நடத்திவந்தது. 2022-இல் நிரலைத் திறந்து விட்டார், இப்போது தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். கவர் முறை: சம்பளம் வந்ததும் மளிகைக்கு இவ்வளவு, ஃபீஸுக்கு இவ்வளவு என்று கவரில் பிரித்துப் போடுவது போல. நம் அம்மாக்கள் அரிசிப் பானையிலும் பீரோ மடிப்பிலும் பிரித்து வைத்ததும் இதுதான். போனில் பதிவது வேகம், ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம் முறையில் காட்டவும் அதில் அமைப்பு உண்டு. வேண்டுமானால் பூட்டுப் போட்டுத்தான் சர்வருக்கே அனுப்பும் வசதியும் இருக்கிறது. இன்னொன்று நெதர்லாந்தின் ஜேம்ஸ் கோல் எழுதிய ஃபயர்ஃப்ளை த்ரீ. இரட்டைப் பதிவை அடிப்படையாகக் கொண்டது, நாம் தர வேண்டியது, நமக்கு வர வேண்டியது என்று கடன் கணக்குகளைத் தனியாக வைக்கும்.

மாதச் சம்பளம், வாடகை, மளிகை என்று நேர்க்கோட்டில் ஓடும் குடும்பமாக இருந்தால் ஆக்சுவலைச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு நகைக்கடனும் சீட்டும் கைமாத்தும் இருப்பதால் ஃபயர்ஃப்ளை. ஆனால் அதில் சில விசயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரே பதிவில் பணமாற்றத்தையும் வரவையும் கலக்க விடாது. அதனால் மேலே சொன்ன சீட்டுப் பதிவை இரண்டாக எழுத வேண்டும். 21,250 வங்கியிலிருந்து சீட்டுக்கு மாற்றம், 3,750 கழிவிலிருந்து சீட்டுக்கு வரவு. பயனருக்குத் தனித்தனிப் புத்தகம் என்ற எண்ணத்தில் கட்டியது, ஆகவே நீங்கள் இருவரும் ஒரே லாகினையே பயன்படுத்துங்கள். மாசாமாசம் தானாக விழ வேண்டிய பதிவுகளை அமைத்தால், அதைத் தினமும் தட்டி எழுப்ப ஒரு கிரான் வேலையையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) அமைக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் "பதிவு விழவில்லையே" என்று தேடாதவர் குறைவு. கணக்குப் பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைக்கலாம். மாமியார் பார்த்தால் புரிய வேண்டும் என்பதற்காக நான் அதை வலியுறுத்துவேன்.

மேலே நான் எழுதிக் காட்டிய சீட்டுப் பதிவு எச்லெட்ஜர் என்ற நிரலின் முறை. ஜான் வீக்லி 2003-இல் தொடங்கிய லெட்ஜர் நிரலின் வழி வந்தது. வெறும் உரைக்கோப்பில் எழுதினால் நிரல் கூட்டிச் சொல்லும். ஐம்பது வருசம் கழித்தும் எந்தக் கணினியிலும் திறக்கும். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்லது கிடையாது. என் சொந்தக் கணக்கு இதில்தான். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கணக்குக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

நிரல் திறந்திருக்கிறதா என்பதை நான் ஏன் பெரிதாகப் பார்க்கிறேன் என்றால், மூடிய சேவைகள் மூடியே போகும். அமெரிக்காவில் 2007-இல் வந்து பெரும் பெயர் வாங்கிய மின்ட் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பல வருசக் கணக்கு வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாகக் கோப்பை இறக்கிக்கொண்டு வேறு இடம் தேடினார்கள். ஆக்சுவலை உருவாக்கியவரும் விலகினார். ஆனால் நிரல் வெளியே இருந்ததால் அது இன்றும் ஓடுகிறது.

லேப்டாப் பற்றி. நான்கு ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம். பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போடுங்கள், அதன் மேல் டாக்கர். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கும் லேப்டாப்பே மேல், ஏனென்றால் அதில் பேட்டரி இருக்கிறது. மாசம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துகிறார்கள், காற்றடித்தாலும் போகிறது. லேப்டாப் பதறாமல் ஓடும், நேரமாகிவிட்டால் ஒழுங்காக அணையும். எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை: மூடி வைத்த லேப்டாப் 15 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் மாசம் 11 யூனிட்டுக்குள், இரண்டு மாச பில்லில் 22 யூனிட் போல வரும்.

டெபியன் நிறுவும்போதே வட்டு முழுவதையும் பூட்டும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் களவு போனாலும், பழுது பார்க்கக் கடையில் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கடவுச்சொல் கேட்கும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. கொடுக்கலாம்.

பிறகு இணையம். முதல் மூன்று மாசம் வீட்டு வைஃபைக்குள் மட்டும் வையுங்கள். பெருமாநல்லூரில் இருக்கும் வீட்டுக் கணக்கைத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்க்க வேண்டிய அவசியம் எத்தனை நாள் வரும்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து பதிந்தால் போதும். வெளியிலிருந்து கட்டாயம் வேண்டுமென்றால், ரூட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டாம். திறந்த கதவைத் தேடி இருபத்துநான்கு மணி நேரமும் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. நம் ஃபைபர் இணைப்புகளில் பலவற்றில் வீட்டுக்கெனத் தனி இணைய முகவரியும் கிடைக்காது, ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், ஆகவே அந்த வழி பாதியில் நிற்கும். ஒயர்கார்டு என்ற பூட்டிய இணைப்பு முறையில் ஓடும் டெயில்ஸ்கேல் நிரலை லேப்டாப்பிலும் இரண்டு போனிலும் போட்டால், மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும், மற்றவருக்குக் கதவே தெரியாது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கு (https) வேண்டிய சான்றிதழ் வாங்கினால், எந்தப் பெயருக்கு வாங்கினீர்களோ அந்தப் பெயர் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறும். டெயில்ஸ்கேல் வழியாக வாங்கினாலும் லேப்டாப்புக்கு வைத்த பெயர் அதில் வந்துவிடும். எனவே லேப்டாப்புக்குக் குடும்பப் பெயரையோ "வீட்டுக்கணக்கு" என்றோ வைக்காதீர்கள். "வேப்பமரம்" என்று வையுங்கள். ஆக்சுவல் போடுவதாக இருந்தால் சான்றிதழ் இல்லாமல் போனில் திறக்கவே திறக்காது, பலர் முதல் நாளே அங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வங்கியிலிருந்து கணக்கைத் தானாக இழுக்க முடியுமா என்று கேட்டீர்கள். ஐரோப்பாவில் அதற்கு இணைப்புகள் இருக்கின்றன. நம் நாட்டில் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்தது, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சம்மதத்தோடு வங்கித் தரவு இன்னொரு நிறுவனத்துக்குப் போகும், சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் தரவைப் பெறுபவர் ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிவானவராக இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் அந்தப் பட்டியலில் வராது. ஆகவே நெட் பேங்கிங்கில் அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) இறக்கி ஏற்றுவதுதான் வழி. ஃபயர்ஃப்ளைக்கு இதற்கென்றே தனியாக ஒரு ஏற்றும் நிரல் இருக்கிறது. ஒரு தடவை எந்தப் பத்தி எது என்று சொல்லிக் கொடுத்தால் அந்த அமைப்பைச் சேமித்து அடுத்த மாசமும் பயன்படுத்தலாம்.

ஏற்றும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள். மேலே பெயர், விலாசம், கணக்கு எண் என்று பத்துப் பதினைந்து வரி இருக்கும், அதை வெட்டுங்கள். தேதி நாள்-மாதம்-வருடம் என்று சொல்லிக்கொடுங்கள், இல்லையென்றால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 1,25,000 என்பதில் இருக்கும் காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள். யுபிஐ வரியில் வரும் 12 இலக்க எண்ணை அடையாளமாக வைத்தால் ஒரே பதிவு இரண்டு தடவை ஏறாது.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வங்கி அறிக்கை பூட்டுப் போட்ட பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கிறது என்றால், "பிடிஎஃப் பூட்டைத் திறக்க", "எக்ஸெலாக மாற்ற" என்று தேடி வரும் இணையதளங்களில் அதை ஏற்றாதீர்கள். சர்வர் போட்டு, வட்டைப் பூட்டி, எல்லாம் செய்துவிட்டு, ஆறு மாச வங்கி அறிக்கையை முகம் தெரியாத ஒரு தளத்தில் கடவுச்சொல்லோடு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கியூபிடிஎஃப் என்ற நிரல் உங்கள் லேப்டாப்பிலேயே பூட்டைத் திறக்கும். டேபுலா என்ற நிரல் அட்டவணையைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். இரண்டும் உங்கள் அறிக்கையை வெளியே அனுப்பாமல் வேலை செய்பவை.

நான் தினமும் கையால்தான் பதிகிறேன். மாசக் கடைசியில் வங்கி அறிக்கையை வைத்து ஒட்டிப் பார்க்கிறேன். கையால் எழுதும்போது போன பணம் மனதில் நிற்கிறது, ஏற்றும்போது நிற்பதில்லை.

காப்பு நகல் விசயத்தில் நான் பட்டிருக்கிறேன். முதலில் ராஸ்பெர்ரி பையில், மெமரி கார்டில் ஓட்டினேன். ஒரு ஆடி மாசக் காற்றில் கரண்டு நான்கைந்து தடவை போய்ப் போய் வந்தது, கார்டு செத்துவிட்டது. நகல் எடுக்கும் நிரலும் அந்தக் கார்டுக்கே நகல் எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு மாசக் கணக்கு போனது. வங்கியில் நடந்ததை அறிக்கை பார்த்து மறுபடி எழுதிவிட்டேன். ரொக்கமாகக் கொடுத்த இரண்டு கைமாத்தை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. தேதியும் தொகையும் அதில்தான் இருந்தன. வாங்கியவர்களிடம் போய் "எவ்வளவு வாங்கினீங்க" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். ஆனாலும் அப்படிக் கேட்க நேர்ந்தது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

ஆகவே மூன்று இடம். லேப்டாப்பில் ஒன்று. தினமும் ராத்திரி தானாக நகல் போகும்படி தனி பென் டிரைவ் அல்லது வெளி வட்டில் ஒன்று. மாசம் ஒரு தடவை பூட்டுப் போட்ட நகல் ஒன்று உங்கள் அம்மா வீட்டில். ஃபயர்ஃப்ளையில் தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால் போதாது. இணைத்த ரசீதுகள் இருக்கும் அடைவும் (ஃபோல்டர்), அமைப்புக் கோப்பும் வேண்டும். அந்த அமைப்புக் கோப்பில் 32 எழுத்துச் சாவி ஒன்று இருக்கிறது, அது தொலைந்தால் பூட்டிய பகுதிகள் திறக்காது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நகலை வேறொரு கணினியில் உண்மையிலேயே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை.

கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதி, உறை போட்டு, பீரோவில் நகைப் பெட்டியோடு வையுங்கள். போனில் இருக்கட்டும் என்று விடாதீர்கள். கணினி தெரிந்தவர் ஒருவர் மட்டும் கணக்கைத் திறக்க முடிகிற வீட்டில், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் சீட்டுத் தவணை என்றைக்கு என்றுகூடத் தெரியாமல் தவிப்பார்கள். இரகசியம் வெளியாருக்குத்தான். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் அது ஒரே புத்தகம், இருவரும் மாசம் ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உங்கள் புத்தகத்தில் இருப்பது உங்கள் இரகசியம் மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மச்சான் எப்போது கை நீட்டினார், பக்கத்து வீட்டு அக்கா நகையை அடகு வைக்க யாரிடம் பணம் புரட்டினார் என்பதெல்லாம் அதில் ஏறும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் இத்தகைய குறிப்புகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று நம்பித்தானே நம்மிடம் வாங்கினார்கள்? எஸ்எம்எஸ் படிக்கும் ஆப்பிடம் அவர்கள் பெயரும் தொகையும் சேர்ந்துதான் போகிறது. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை கூலி வந்ததும் தொடங்குங்கள். பழைய கணக்கையெல்லாம் தோண்ட வேண்டாம். அன்றைய தேதிக்கு வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு, நகைக்கடன் பாக்கி எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அதையே தொடக்க இருப்பாகப் போடுங்கள். சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் கட்டிய தவணைகளின் எண்ணிக்கையை முழுத் தவணைத் தொகையால் பெருக்கிப் போடுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் மீதித் தவணைகளை அதே மாதிரி பெருக்கி மைனஸில் போடுங்கள். அடுத்த மாசம் ஏலம் முடிந்ததும் அந்தக் கணக்கைச் சீட்டுப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் எந்த மாசக் கழிவு எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.